கறுப்புக் கல், கையளவு, காந்தம் ஒட்டுகிறது: விண்கல்லா?

மழைக்குப்பின்

வணக்கம். கற்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரிந்திருந்தால் ஒரு வாரமாக வீட்டில் இவ்வளவு கலவரம் நடந்திருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் பையனும் நடக்கப் போயிருந்தோம். அவனுக்கு ஒன்பது வயது. தண்ணீரில் எறிவதற்காக ஒரு கல்லை எடுக்கக் குனிந்தவன், "அம்மா, இதை ஒரு கையால தூக்க முடியலை" என்றான். பார்த்தால் அப்படி ஒன்றும் பெரிய கல் இல்லை. என் இரண்டு கைகளையும் குவித்தால் உள்ளே அடங்கிவிடும். ஆனால் வாங்கியபோது எனக்கே மணிக்கட்டு ஒரு கணம் இறங்கியது. ஒரு கல்லைப் பார்த்ததும் இவ்வளவு கனம்தான் இருக்கும் என்று கை தானாக ஒரு கணக்குப் போடுமே, அதைப்போல ஒன்றரை மடங்காவது இருக்கும்.

நிறம் கறுப்பு. முழுக் கறுப்பு என்றும் சொல்ல முடியாது, அங்கங்கே துருப் போலப் பழுப்பு ஏறியிருக்கிறது. ஒரு பக்கம் வழவழப்பு. அதில் ஈரக் களிமண்ணில் கட்டைவிரலை அழுத்தி எடுத்ததுபோல ஐந்தாறு குழிகள். எதிர்ப்பக்கம் எப்போதோ உடைந்த மாதிரி சொரசொரப்பு, வெயிலில் திருப்பினால் பொடிப்பொடியாக மினுங்குகிறது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கும் காந்தத்தை அருகில் கொண்டுபோனேன். 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. அங்கே தொடங்கியது வினை.

மறுநாளே பையன் வகுப்பில் "எங்க வீட்டுல விண்கல் இருக்கு" என்று அறிவித்துவிட்டான். அவன் ஆசிரியை "கொண்டுவா, எல்லாரும் பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். கொண்டுபோவதற்குள் அது என்னவென்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் அவன் முகத்தைப் பார்க்க முடியாது.

சமையலறைத் தராசில் 1148 கிராம் காட்டுகிறது. பல் துலக்கும் பிரஷால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, படத்தில் பளிச்சென்று தெரியட்டும் என்று கொஞ்சம் எண்ணெய் தடவி, ஆறு படங்கள் எடுத்துப் போட்டிருக்கிறேன். விரற்குழிகள் இருக்கும் மூன்றாவது படத்தை அவசியம் பாருங்கள்.

வால்மீன்

சந்தேகமே வேண்டாம், விண்கல்தான். கறுப்பு, கனம், காந்தம், விரற்குழி, நான்கும் பொருந்துகின்றன. அந்தக் குழிகளுக்கு ரெக்மாக்ளிப்ட் என்று பெயர். வேகமாக வளிமண்டலத்துக்குள் நுழையும்போது கல்லின் மேற்பரப்பு உருகி, காற்று அதை அரித்துக்கொண்டு போவதால் உண்டாகிறவை. மூன்றாவது படத்தைப் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தயவுசெய்து உடைக்காதீர்கள், யாரிடமும் கொடுத்தும் வைக்காதீர்கள். உங்கள் மகனுக்கு வாழ்த்து!

கிட்டக்கல்காரன்

வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் என் கதையையும் கேட்டுவிடுங்கள். நான் வைத்துக்கொண்டிருக்கும் பெயரே அதற்குச் சாட்சி.

ரயில் பாதையோரம் ஒரு கல் எடுத்தேன். கறுப்பு, கனம், காந்தம், எல்லாம் இருந்தது. 11 வருடம் அது கண்ணாடிப் பெட்டியில் பஞ்சு மெத்தைமேல் உட்கார்ந்திருந்தது. முன்னால் என் கையெழுத்தில் 'விண்கல்' என்று ஓர் அட்டை. வீட்டுக்கு வந்தவர் யாரும் அதைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப முடியாது. ஒருநாள் நிலவியல் படிக்கும் உறவுக்காரப் பெண் வந்தாள். கையில் வாங்கினாள், ஓரத்தில் ஊசி குத்தியதுபோல இருந்த பொத்தல்களை நகத்தால் தடவினாள். "மாமா, இது பொங்கியிருக்கே" என்றாள். அவ்வளவுதான்.

அது இரும்புக் கிட்டம். உலையில் இரும்பை உருக்கும்போது மேலே மிதந்து, வழித்து ஊற்றப்பட்டு, உறைந்துபோகும் கழிவு. உறையும்போது உள்ளே மாட்டிக்கொண்ட வாயுதான் அந்தப் பொத்தல்கள். சொட்டுச் சொட்டாகச் சிக்கியிருக்கும் இரும்பு காந்தத்தை இழுக்கும். ரயில் பாதையில் சல்லியாகவும், சாலைக்கு அடியில் நிரப்பவும் கிட்டத்தைக் கொட்டுவதுண்டு. ஆகவே 'பக்கத்தில் உலை எதுவும் இல்லையே' என்று நான் 11 வருடம் சொல்லிக்கொண்டிருந்த வாதமும் செல்லாது.

விண்கல்லில் இப்படிக் குமிழிப் பொத்தல்கள் இருப்பது மிக அபூர்வம். உங்கள் படங்களில் எண்ணெய் மினுமினுப்பில் ஒன்றும் தெரியவில்லை. நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து உடைந்த பக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

என் கல் இப்போது கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுக்கிறது. பஞ்சு மெத்தை இல்லை.

பழைய உளி

மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். கல் எங்கே கிடந்தது என்று யாரும் கேட்கவில்லை, எடுத்தவரும் சொல்லவில்லை. ஊர் பெயரை நான் கேட்கவில்லை. தண்ணீருக்குள்ளா, கரையிலா, மண்ணில் பாதி புதைந்தா, மேலே சும்மா கிடந்ததா? சுற்றிக் கிடந்த மற்ற கற்கள் என்ன நிறம், உருண்டையா, முனை கூரானவையா? அதேபோல இன்னொன்று கண்ணில் பட்டதா? ஒரு கல்லுக்கு அதன் அக்கம்பக்கம்தான் பாதி அடையாளம். அதை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் மேசைமேல் வைத்துப் பார்ப்பது, ஆளை முகத்தை மூடிக்கொண்டு வரச்சொல்லி யாரென்று கேட்பது மாதிரி.

பாறையை அறுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்ப்பது என் வேலையாக இருந்தது. 0.03 மில்லிமீட்டருக்கு வரவேண்டும். கை சற்று அழுந்திவிட்டால் ஒரு நாள் உழைப்பு குழம்பாகித் தண்ணீரோடு போய்விடும். 26 வருடம் அதைச் செய்தேன். அந்த மேசைக்கு 'இது விண்கல்தானே?' என்ற கேள்வியோடு வந்த கற்களுக்குக் கணக்கில்லை. விண்கல்லாக இருந்தது ஒன்றுகூட இல்லை. மெல்பர்ன் அருங்காட்சியகத்து நிலவியலாளர் ஒருவர், 37 ஆண்டுகளில் மக்கள் தூக்கிக்கொண்டு வந்த அத்தனை கற்களில் இரண்டுதான் உண்மையான விண்கல் என்று சொல்லியிருக்கிறார். அந்த இரண்டில் ஒன்று 2015-ல் மேரிபரோ என்ற இடத்துக்கு அருகே ஒருவர் எடுத்தது, 17 கிலோ. உள்ளே தங்கம் இருக்கும் என்று நினைத்து அறுத்துப் பார்த்திருக்கிறார், துளைத்துப் பார்த்திருக்கிறார், அமிலம் ஊற்றியிருக்கிறார், சம்மட்டியால் அடித்திருக்கிறார். எதற்கும் மசியாததால்தான் அருங்காட்சியகத்துக்குப் போனார். ஆக, கிடைக்கவே கிடைக்காது என்று நான் சொல்லவில்லை. வரிசையில் கடைசியாக நிற்க வேண்டிய ஊகம் அது.

நிறத்தை நம்பாதீர்கள். மேல்தோல் என்பது வெயிலும் மழையும் செய்தது, உள்ளே இருப்பது வேறு. குழியையும் நம்பாதீர்கள். தண்ணீரில் உருண்ட கல்லில் மென்மையான இடம் முதலில் தேயும், அங்கே குழி விழும். கட்டைவிரல் அளவில் விழக்கூடாது என்று தண்ணீருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடியவை இரண்டு.

முதலில் கோடு. பீங்கான் கோப்பை ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிவிளிம்பில் மெருகு ஏறாமல் சொரசொரவென்று ஒரு வளையம் இருக்கும். அதில் கல்லின் ஒரு முனையை அழுத்தித் தேயுங்கள். விழும் கோட்டின் நிறம்தான் கல்லைத் தூளாக்கினால் வரும் நிறம். மேல்தோல் எவ்வளவு ஏமாற்றினாலும் தூள் ஏமாற்றாது. இரும்புத் தாதுக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹெமடைட் வெளியே வெள்ளிபோல மின்னலாம், கறுத்தும் இருக்கலாம், கோடு மட்டும் செங்கல் நிறத்தில்தான் விழும். மாக்னடைட்டுக்குக் கறுப்பு. கேதைட்டுக்கு மஞ்சள் கலந்த பழுப்பு. துருப்பிடிக்காத விண்கல் கோடே போடாது, போட்டாலும் லேசான சாம்பல்.

இரண்டாவது அடர்த்தி. ஒரு வாய் அகன்ற பாத்திரத்தில் கல் முழுகும் அளவுக்குத் தண்ணீர் விட்டுத் தராசில் வையுங்கள். தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக இறக்குங்கள். இப்போது தராசு காட்டும் எண் எதுவோ, கல்லின் கன அளவு அத்தனை கன சென்டிமீட்டர். 1148-ஐ அதால் வகுத்துவிடுங்கள். வெங்கச்சங்கல்லுக்கு 2.65 வரும். கருங்கல்லுக்கு 2.7 பக்கம், எரிமலைக் குழம்பு இறுகி உண்டாகும் பசால்ட்டுக்கு 3 பக்கம். சாதாரணக் கல்வகை விண்கல் 3.2-இலிருந்து 3.8-க்குள். மாக்னடைட், ஹெமடைட் இரண்டும் சுத்தமாக இருந்தால் 5.2 பக்கம். இரும்பு 7.9.

காந்தத்தை இனிமேல் கல்லில் ஒட்டாதீர்கள். நூலில் தொங்கவிட்டுக் காட்டினாலே இழுப்பது தெரியும். ஒருவேளை அது விண்கல்லாகவே இருந்தால், பலமான காந்தம் தொட்ட மாத்திரத்தில் அது தோன்றிய காலத்து காந்தப் பதிவு அழிந்துபோகும். கோடிக்கணக்கான ஆண்டுகள் பத்திரமாக இருந்ததை நாம் ஒரு நொடியில் துடைத்துவிடலாம். கதவில் ஒட்டும் காந்தம் பலவீனமானது, போனால் போகட்டும்.

எண்ணெய் தடவினது யார் யோசனை? கல்லைப் படம் எடுக்க ஒரு படம் காய்ந்தபடி, ஒரு படம் தண்ணீரில் நனைத்து, அது போதும். எண்ணெய் துளைகளுக்குள் இறங்கிவிட்டால் லேசில் வராது.

சுத்தியலால் உடைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். சில்லு கண்ணுக்குத்தான் வரும்.

மழைக்குப்பின்

ஐயா, மிக்க நன்றி. எண்ணெய் என் யோசனைதான், மன்னிக்கவும்.

எங்கே கிடந்தது என்று எழுதாதது ஏன் என்று யோசித்தேன். விண்கல் என்று மனதில் விழுந்துவிட்ட பிறகு, வானத்திலிருந்து வந்ததற்கு இடம் எதற்கு என்று தோன்றியிருக்க வேண்டும். சரி, இப்போது சொல்கிறேன். ஒரு சின்ன ஓடை. மழைவெள்ளம் வடிந்து கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் இருந்தது. கல் தண்ணீருக்குள் இல்லை, ஓரத்தில் கூழாங்கற்கள் ஒதுங்கிக் கிடக்கும் திட்டில் இருந்தது. மற்றவை பெரும்பாலும் வெள்ளையும் சாம்பலும், உருண்டையானவை. அதேபோல இன்னொன்று இருந்ததா என்று பார்க்கவில்லை. இவனைத் தண்ணீருக்குள் போகாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பொத்தல்: உருப்பெருக்கியில் நானும் பையனும் மாறி மாறிப் பார்த்தோம். பொத்தல் இல்லை. மினுங்குகிற பொடிகள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

கோடு: கறுப்பு. பென்சிலால் போட்டதைவிடக் கறுப்பு. பழுப்பாக இருக்கும் இடத்தைத் தேய்த்தபோது கொஞ்சம் செம்பழுப்பும் கலந்து விழுந்தது. கோப்பை என் கணவருடையது. அவர் இன்னும் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

அடர்த்தியில்தான் ஏதோ தகராறு. நூலில் கட்டி இறக்கினேன். தராசு 1148 என்றே காட்டுகிறது. 1148-ஐ 1148-ஆல் வகுத்தால் 1. அப்படியென்றால் இந்தக் கல்லும் தண்ணீரும் ஒரே அடர்த்தியா? மிதக்க வேண்டாமா?

பழைய உளி

நூலை விட்டுவிட்டீர்கள், கல் பாத்திரத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. தராசு முழுக் கல்லையும் சுமக்கிறது. கல் முழுகியிருக்க வேண்டும், ஆனால் அடியையும் பக்கத்தையும் தொடக்கூடாது. நூலைக் கையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். கல்லைத் தண்ணீர் எவ்வளவு தாங்குகிறதோ, அவ்வளவுக்குக் கல் தண்ணீரைத் திருப்பி அழுத்தும். அந்த அழுத்தம் மட்டும்தான் தராசில் தெரியவேண்டும். மீதிக் கனம் உங்கள் விரலில் இருக்கட்டும்.

கை நடுங்கும். மூன்று முறை பாருங்கள்.

ஐயா இல்லை, அம்மா. உளி என்று பெயர் வைத்ததால் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பழகிவிட்டது.

கிட்டக்கல்காரன்

பொத்தல் இல்லை, கோடு கறுப்பு என்றால் என் கட்சி தோற்றது. உங்களிடம் இருப்பது கிட்டம் இல்லை. கதவுக்கு முட்டுக்கொடுக்கும் வேலை அதற்கு இப்போதைக்குக் கிடைக்காது.

மழைக்குப்பின்

அம்மா, மன்னிக்கவும். கல்லைவிட ஆளை அடையாளம் காண்பதில் நான் இன்னும் மோசம்.

நூலைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை பார்த்தேன். 281, 279, 279. பையன்தான் எண்ணைப் படித்தான், எனக்குக் குனிய முடியவில்லை. 279 என்றே எடுத்துக்கொண்டால் 4.1 வருகிறது. நீங்கள் சொன்ன வரிசையில் எந்த வீட்டிலும் இது இல்லை! விண்கல்லுக்கு மேலே, மாக்னடைட்டுக்குக் கீழே.

இன்னொன்று. தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தபோது உடைந்த பக்கத்தைப் பையன் பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்கு" என்றான். உண்மைதான். ஈரமாக இருக்கும்போது மட்டும் தெரிகிறது. ஒரு வரி கறுப்பு, ஒரு வரி சாம்பல், சில இடத்தில் மங்கலான சிவப்பு. நூல் கனத்திலிருந்து என் சுண்டுவிரல் நகத்தின் பாதி அகலம்வரை. காய்ந்ததும் மறைந்துவிடுகிறது. எண்ணெய் தடவியபோது நான் குழிகள் இருக்கும் பக்கத்தை மட்டும்தான் தடவியிருக்கிறேன்.

வால்மீன்

ஒரு நிமிடம். 4.1 என்றால் ஆட்டம் முடியவில்லை. கல்லும் இரும்பும் கலந்த விண்கல் வகை ஒன்று உண்டு. அதன் அடர்த்தி 4-க்கு மேல் 5-க்குள்தான் வரும். அபூர்வத்திலும் அபூர்வம். அதை ஏன் யாரும் பேசவில்லை?

பழைய உளி

நல்ல கேள்வி, வால்மீன். முதல்முறை எழுதியதைவிட இது எவ்வளவோ மேல். எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. விழுவதைக் கண்ணால் பார்த்து எடுக்கப்பட்ட விண்கற்களில் அந்த வகை நூற்றில் ஒன்று அளவுக்குத்தான். அபூர்வம் என்பதற்காக மட்டும் தள்ளிவிடக்கூடாதுதான். ஆனால் அதில் இரும்பு இரும்பாகவே, உலோகமாக இருக்கும். உடைந்த பக்கத்தில் ஒரு ஓரத்தை அரத்தால் நான்கு இழுப்பு இழுத்தால் ஆணித்தலைபோலப் பளீரென்று வெள்ளை உலோகம் தெரிய வேண்டும். இதில் தெரியாது என்று பந்தயம் கட்டுகிறேன். உலோகம் இருக்கும் கல் இப்படிப் பென்சில் கறுப்பில் கோடு போடாது. வரிவரியாகவும் இருக்காது. வரி என்றால் ஒன்றன்மேல் ஒன்று படிந்த கதை. படிவதற்குத் தண்ணீர் வேண்டும்.

இனி 4.1. வரிசையில் வீடு இல்லை என்கிறீர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் குடியிருக்கிறது. கறுப்பு வரி மாக்னடைட், 5.2. சாம்பல் வரி குவார்ட்ஸ், அதாவது வெங்கச்சங்கல், உங்கள் ஓடையின் வெள்ளைக் கூழாங்கல்லும் பெரும்பாலும் அதே சரக்குதான், 2.65. கன அளவில் 58 பங்கு முதலாவதும் 42 பங்கு இரண்டாவதும் கலந்தால் கணக்குச் சரியாக 4.1 வரும். காகிதத்தில் போட்டுப் பாருங்கள். சிவப்பு வரியும் செம்பழுப்புக் கோடும் ஹெமடைட். மாக்னடைட்டே நாளாவட்டத்தில் காற்றும் தண்ணீரும் பட்டு அப்படி மாறும்.

பெயர்: பட்டை இரும்புப் பாறை. உலகத்தின் இரும்புத்தாதுவில் பெரும்பகுதி இந்தக் குடும்பத்திலிருந்து வருகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஹேமர்ஸ்லி மலைகளே இதனால் ஆனவை.

இது எப்படி உண்டானது என்பதைப் பையனுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். ஆரம்பகாலக் கடலில் ஆக்சிஜன் இல்லை. ஆக்சிஜன் இல்லாத தண்ணீரில் இரும்பு உப்புப்போலக் கரைந்து கிடக்கும். பிறகு வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கும் நுண்ணுயிர்கள் பெருகின, அவை ஆக்சிஜனை வெளியே விட்டன. கரைந்திருந்த இரும்புக்கு ஆக்சிஜன் கிடைத்ததும் கரைய முடியாமல் துருவாகி அடியில் இறங்கியது. இரும்பு ஓர் அடுக்கு, இரும்பில்லாத சிலிக்காச் சேறு ஓர் அடுக்கு, இப்படி மாறி மாறி. அப்புறம் புதைந்து, சூடேறி, அழுந்தி, துரு மாக்னடைட் ஆயிற்று, சேறு குவார்ட்ஸ் ஆயிற்று. இப்படிப்பட்ட பாறைகளில் பெரும்பாலானவை 180 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. மிகப் பெரிய படிவுகள் 250 கோடி ஆண்டுப் பக்கம். விண்கல் இதைவிட மூத்தது, சுமார் 456 கோடி. வயதில் தோற்றுவிட்டதே என்று அவன் சொன்னால், விண்கல்லுக்குள் யாரும் மூச்சு விட்டதில்லை என்று சொல்லுங்கள்.

குழிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வால்மீனுக்கு மயிர்க்கூச்செறிந்த குழிகள் அல்லவா. எல்லா வரியும் ஒரே உறுதி கிடையாது. மினுங்கும் பொடி உதிரும் வரி முதலில் தேயும். மூன்றாவது படத்தைத் திரும்பப் பாருங்கள், குழிகள் தாறுமாறாக இல்லை. இரண்டு வரிசையில் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். ஒரு காகிதப் பிடிப்பூசியைக் கல்லில் வைத்துப் பாருங்கள். ஒட்டுகிறதா? காந்தம் கல்லை இழுப்பது வேறு, கல்லே காந்தமாக இருப்பது வேறு. மாக்னடைட்டில் அபூர்வமாகச் சில துண்டுகள் தாமே காந்தமாக இருக்கும். மின்னல் பாய்ந்ததால் அப்படி ஆனவை என்பது பலருடைய கருத்து. பழங்காலத்தில் திசைகாட்டிக்கு ஊசியைத் தேய்த்தது அந்தக் கல்லில்தான்.

முடிந்தால் மறுபடி அந்த ஓடைக்குப் போங்கள். வெள்ளம் கல்லைக் கீழ்நோக்கித்தான் உருட்டும். ஆகவே மேல்நோக்கி நடக்க வேண்டும். நிற்கிற பாறை எங்காவது இருக்கும். பாதுகாக்கப்பட்ட வனப்பகுதி என்றால் எதையும் எடுத்துவராதீர்கள், பார்த்தால் போதும்.

வால்மீன்

படத்தைத் திரும்பப் பார்த்தேன். இரண்டு வரிசை. சரி, வாழ்த்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள மாட்டேன். கல்லுக்குச் சொன்னது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்குப்பின்

நேற்றுப் போய்வந்தோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டுப் பாடம். பிடிப்பூசி ஒட்டவில்லை, நழுவி விழுந்தது. அரத்தால் நான்கு இழுப்பு இழுத்தேன். பளீரென்று எதுவும் இல்லை, கறுப்புத் தூள்தான் வந்தது. 58, 42 கணக்கையும் போட்டுப் பார்த்தேன், வந்தது. பையனுக்குப் பெருக்கல் இவ்வளவு ஆர்வமாக நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

விண்கல் இல்லை என்று அவனிடம் சொல்ல மூன்று நாள் ஆயிற்று. சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. கல்லை எடுத்துத் தன் மேசைக்குக் கீழே, கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டான். கடல், நுண்ணுயிர், துரு எல்லாம் சொன்னேன். காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. விண்கல்லுக்குள் யாரும் மூச்சு விட்டதில்லை என்ற வரியையும் சொல்லிப் பார்த்தேன். "மூச்சு விட்டா என்ன?" என்றான். ஒன்பது வயதுக்கு அது எடுபடவில்லை அம்மா.

ஓடைக்குப் போனபோதும் முதலில் சுணக்கமாகத்தான் வந்தான். அதே திட்டில் நின்று, அதேபோல வேறு கல் இருக்கிறதா என்று தேடினோம். நூலில் கட்டிய காந்தத்தை அவன் கையில் கொடுத்திருந்தேன். இருபது நிமிடத்தில் நான்கு கிடைத்தன. இரண்டு நெல்லிக்காய் அளவு, இரண்டு முட்டை அளவு. அவன் நடை மாறியது அங்கேதான். மேல்நோக்கி நடக்க நடக்கக் கறுப்புக் கற்கள் பெரிதாகிக்கொண்டே போயின, உருண்டையும் குறைந்துகொண்டே வந்தது. முனை கூரான துண்டுகள் வர ஆரம்பித்தன. ஒரு வளைவு தாண்டியதும் ஓடையின் இடக்கரையில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பாறைத் திட்டு. கைக்குட்டையை நனைத்து ஓரிடத்தில் துடைத்தேன். வரிகள். ஆனால் நேராக இல்லை, துணியை மடித்து வைத்ததுபோல வளைந்து, திரும்பி, மறுபடி வளைந்து. எங்கள் கல் அதிலிருந்து ஒரு நறுக்கு.

பையன் காந்தத்தைப் பாறைப்பக்கம் தொங்கவிட்டபடி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தான். நூல் சாய்ந்தபடியே கூட வந்தது. "இவ்வளவு பெரிய மலையே இழுக்குதும்மா" என்றான். மலை இல்லை, திட்டுதான். நான் திருத்தவில்லை.

எதையும் எடுத்துவரவில்லை. அந்த நான்கு சின்னக் கற்களையும் திட்டிலேயே விட்டுவிட்டோம்.

இன்று பள்ளிக்குக் கல், காந்தம், நூல், அடியில் கோடு போட்ட கோப்பை எல்லாம் போயிருக்கின்றன. கோப்பை விஷயம் கணவருக்குத் தெரிந்துவிட்டது, அது வேறு கதை. காலையில் கிளம்புமுன் கல்லுக்கு அவனே ஓர் அட்டை எழுதினான். எழுத்துப்பிழையைத் திருத்தி அப்படியே தருகிறேன்:

"இரும்புப் பட்டைக் கல். 1148 கிராம். அடர்த்தி 4.1. கிடைத்த இடம்: ஓடைத் திட்டு. சொந்த இடம்: மேலே, இரண்டாவது வளைவு, இடக்கரை. காந்தம் ஒட்டும், பிடிப்பூசி ஒட்டாது. விண்கல் இல்லை (சோதித்தாயிற்று). எண்ணெய் தடவாதீர்கள்."